டிலானியின் பெயரில் படித்த வகுப்பு

ஒன்லைனில் நூலக வகுப்பு எடுக்கப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். எடுங்கள். ஆனால் "விளங்குதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். ஒருவரும் "இல்லை" என்று சொல்லப்போவதில்லை. கறுப்புப் பெட்டிகளுக்குள்ளிருந்து "ஓம் மிஸ்", "ஓம் மிஸ்" என்று வரிசையாக வரும். அதில் ஒருவர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருப்பார். ஒருவர் கடையில் பில் போட்டுக்கொண்டிருப்பார். ஒருவர் போனை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருப்பார். நீங்களோ நன்றாகப் படிப்பித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கணினியை மூடிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றுவீர்கள்.

எனக்கு நயமாகப் பேச வராது. முப்பது வருடத்துக்கு மேல் நூலகத்தில் இருந்தும் அது வரவில்லை. ஓய்வு பெற்ற பிறகா வரப்போகிறது? ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஓய்வுக்கு முந்திய கடைசி வருடத்தில் நடந்தது இது. நீங்கள் இதே வேலைக்கு வந்திருப்பதால் உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

நான் வேலை செய்த கல்லூரியில் வார இறுதிப் பட்டப்படிப்பு ஒன்று நடந்தது. கல்வியியல் பட்டம், தமிழ்மொழி மூலம். படித்தவர்கள் எல்லோரும் வேலை செய்கிறவர்கள். தனியார் பாடசாலைகளில் உதவி ஆசிரியர்கள், முன்பள்ளி ரீச்சர்மார், நிதி நிறுவனத்தில் இருந்துகொண்டு ஆசிரியராகிவிட முயற்சிக்கிறவர்கள். கொட்டாஞ்சேனை, மருதானை, கொலன்னாவை, வெள்ளவத்தை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தார்கள். கொரோனா காலத்தில் வகுப்புகளை ஒன்லைனுக்கு மாற்றினார்கள். பிறகு கொரோனா போய்விட்டது, வகுப்புகள் திரும்பி வரவில்லை. மண்டபத்துக்கு வாடகை இல்லை, ஏசிக்குக் கரண்ட் இல்லை, நிர்வாகத்துக்கு அது பிடித்துப்போய்விட்டது.

நூலக வகுப்பு அதைவிட மோசம். முன்பு முதலாம் வருடப் பிள்ளைகளை நானே நூலகத்துக்குள் கூட்டிக்கொண்டு போவேன். ஆளுக்கொரு கேள்வி கொடுத்துத் தேடவிடுவேன். பிழையாகத் தேடினால் ஏசுவேன். அதை நிறுத்திவிட்டு வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிடம் ஆயத்தமாக இருந்த ஒரு மொடியூலை வாங்கினார்கள். நீண்ட வீடியோ, முழுக்க ஆங்கிலம். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் ஐந்து மாடி நூலகம் ஒன்றுக்குள் நடந்து நடந்து சிரித்தபடி பேசுவாள். அதன் முடிவில் குவிஸ். குவிஸில் சித்தியடைந்தால் நூலகக் கணக்கும் கடவுச்சொல்லும் கிடைக்கும். அந்தக் கணக்கால்தான் ஆய்வுக் கட்டுரைகள் உள்ள தரவுத்தளத்துக்குள் போகலாம். மொடியூல் போனில் சரியாகத் திறக்காது, லப்டொப் வேண்டும். டேட்டாவைக் குடித்துத் தள்ளும். இதையெல்லாம் கூட்டத்தில் சொன்னேன். மற்ற எல்லாரும் பழகிவிட்டார்களாம், நான் மட்டும் பழகவில்லையாம். இதுதான் கிடைத்த பதில். மொடியூலைக் கணினிப் பிரிவிடம் ஒப்படைத்தார்கள். எனக்கு மிஞ்சியது புத்தகங்களும் தரவுத்தளமும்.

இறுதி வருடக்காரர்கள் ஆய்வேடு சமர்ப்பிக்க ஒரு கிழமை, ஏழே நாள், இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை தரவுத்தளம் நின்றுவிட்டது. யாருக்கும் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அதை நடத்தும் வெளியீட்டு நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. உங்கள் கல்லூரிக் கணக்கு ஒன்றிலிருந்து அளவுக்கு மீறி, இயந்திரம் இறக்குவதுபோலக் கட்டுரைகள் இறக்கப்பட்டிருக்கின்றன, விளக்கம் தரும்வரை முழுக் கல்லூரிக்கும் அனுமதி இல்லை என்று. கணக்கின் பெயரும் அதில் இருந்தது. டிலானி.

டிலானியை எனக்குத் தெரியும். கொட்டாஞ்சேனைப் பிள்ளை. அங்கே ஒரு சின்னத் தனியார் பாடசாலையில் முதலாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறாள். அந்த வருடம் பட்டத்தை முடித்தால் நிரந்தரமாக எடுப்பதாகப் பாடசாலை சொல்லியிருந்தது. முடிக்காவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுப்பார்கள். அதையும் சொல்லியிருந்தார்கள்.

மத்தியானம் பீடாதிபதி அழைத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். உங்களுக்கு இனிமேல் வரப்போகும் தொல்லைகளில் பாதி, கெட்டவர்களிடமிருந்து வராது, பயந்தவர்களிடமிருந்துதான் வரும். அவளுக்கு ஆய்வேடு சமர்ப்பிக்கத் தடை போடுவதாகச் சொன்னார். ஒரு வருடத் தடை. வெளியீட்டு நிறுவனத்துக்கு அதையே விளக்கமாக அனுப்பிவிட்டால் அனுமதி திரும்பிவிடும், விஷயம் முடிந்துவிடும். நான் செய்யவேண்டியது, அவள்தான் விதியை மீறினாள் என்று நூலகர் அறிக்கை ஒன்றைத் திங்கட்கிழமை காலைக்குள் எழுதிக் கொடுப்பது.

ஒரு ஆள் ஒரே நேரத்தில் மருதானையிலும் கொலன்னாவையிலும் இருந்து இறக்கமுடியாது என்று சொன்னேன். கணக்கின் உள்நுழைவுப் பதிவில் அப்படித்தான் தெரிந்தது. போனில் ஒன்று, லப்டொப்பில் ஒன்று, சொந்தக்காரர் வீட்டில் ஒன்று என்று பாவித்திருப்பாள் என்றார். அவளோடு கதைக்காமல் எழுதமாட்டேன் என்றேன்.

"நீங்கள் நூலகரோ, அவவின்ர லோயரோ?" என்று கேட்டார்.

"நூலகர்தான். அதாலதான் பாக்காமல் எழுதேலாது எண்டு சொல்லுறன்."

வைத்துவிட்டு, முதலில் கணினிப் பிரிவைக் கேட்டேன். டிலானியின் வகுப்பில் மொடியூலை முடித்தவர்கள் யார்? அங்கிருந்த பையன் பார்த்துவிட்டுச் சொன்னான், டிலானி மட்டும்தான் என்று. வகுப்பு முழுக்க ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறது, தரவுத்தளக் கணக்கு ஒருத்தியிடம் மட்டும் இருக்கிறது. இது யாருக்கும் கண்ணில் படவில்லை. மொடியூல் ஒரு பிரிவிடம், தரவுத்தளம் இன்னொரு பிரிவிடம். இடையில் விழுந்ததை யாரும் குனிந்து பார்க்கவில்லை. நானும்தான்.

பிறகு டிலானியை அழைத்தேன். பாடசாலை விட்டு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். பஸ் ஹோர்ன் சத்தத்துக்கு மேலால் விஷயத்தைச் சொன்னேன்.

"கடவுச்சொல்லை ஆருக்குக் குடுத்தனீர்?" என்று கேட்டேன்.

"கஜன் அண்ணாவுக்குக் குடுத்தேன் மிஸ். அவர் குரூப்ல போட்டுட்டார்."

கஜன் வகுப்புப் பிரதிநிதி. வெள்ளவத்தையில் இருந்து நிதி நிறுவனம் ஒன்றுக்குப் போய் வருகிறவன். எல்லாருக்கும் வேலை செய்து கொடுப்பான், எல்லாரையும் அதிகாரமும் பண்ணுவான்.

"குவிஸ் விடைகளையும் போட்டனீரோ?"

"அதையும் போட்டேன்தான். ஆனா அதுக்கும் லப்டொப் வேணும் தானே. ஒருத்தரும் செய்யல. என்ட பாஸ்வேர்டையே பாவிச்சாங்க."

இது பிழை என்று தெரியாதா என்று கத்தினேன். ஆம், கத்தினேன். அவள் சொன்ன பதிலை நீங்கள் கவனமாகக் கேட்கவேண்டும்.

"டியூட் மாதிரித் தானே மிஸ். ஒருத்தர் வாங்கினா எல்லாரும் கொப்பி அடிச்சுப் படிப்போம். ஓலெவலுக்கும் ஏலெவலுக்கும் அப்படித் தானே படிச்சோம். இல்லன்னு சொன்னா சரியான கெட்ட பொண்ணா ஆகிருவேன்."

கொழும்பில் டியூஷன் படித்த யாரும் அதை மறுக்கமாட்டார்கள். ஒருவன் காசு கட்டிப் போவான், அவன் வாங்கிய டியூட், அதுதான் வகுப்பில் தரும் அச்சடித்த பாடக்குறிப்பு, சாயந்தரத்துக்குள் காலி வீதி போட்டோக்கொப்பிக் கடையில் பெருகி ஒழுங்கை முழுக்கப் பரவும். கொடுக்காதவனைத்தான் எல்லோரும் ஏசுவார்கள். இப்படி வளர்ந்த பிள்ளைகளிடம் "கடவுச்சொல் தனிப்பட்டது" என்று ஒரு வெள்ளைக்காரி ஆங்கிலத்தில் சிரித்துக்கொண்டு சொன்னால் எடுபடுமா? கடவுச்சொல்லும் ஒரு டியூட். அவர்கள் களவெடுக்கவில்லை. தங்களுக்குத் தெரிந்த ஒரே ஒழுங்கில் படித்தார்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் விதிப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போகாதீர்கள்.

மற்றவர்களின் பெயரைச் சொல்லவேண்டாம் என்று டிலானி கேட்டாள். ஒரு அக்காவுக்கு மூன்று பிள்ளைகள், ஒருவருக்கு வேலை போகும், இப்படி நீட்டிக்கொண்டு போனாள். தன்னுடைய வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளை இன்னொருமுறை ஏசினேன். பிறகு, பெயர்களை என் வாயால் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

பீடாதிபதியிடம் திரும்பப் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வகுப்புக்கு நானே நேரடியாக சூமில் பாடம் எடுக்கப்போகிறேன், தரவுத்தளம் இல்லாமல் மிச்ச நாளில் எப்படித் தேடுவது என்று சொல்லிக்கொடுக்கவேண்டும், நீங்களும் வந்து இருங்கள், அது முடிந்ததும் அறிக்கை தருகிறேன் என்றேன். அவருக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை. சம்மதித்தார்.

ஞாயிறு காலை. என் வீடு வெள்ளவத்தையில் தண்டவாளத்துக்குக் கிட்ட. கோச்சி போகும்போதெல்லாம் மைக்கை மூடவேண்டும். திரையில் வழக்கமான கறுப்புப் பெட்டிகள். டிலானி மட்டும் கமராவைப் போட்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. பீடாதிபதியும் இருக்கிறார் என்று முதலிலேயே சொன்னேன். ஒளித்து வைத்துப் பிடிப்பது எனக்குப் பிடிக்காது. நடந்ததையும் சொன்னேன். ஒரு கணக்கிலிருந்து அளவுக்கு மீறி இறக்கியிருக்கிறார்கள், ஒரு பிள்ளைக்குத் தடை வரப்போகிறது, யாருக்காவது சொல்ல ஏதாவது இருந்தால் இப்போது சொல்லலாம் என்றேன்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் கோச்சி ஒன்று முழுதாகப் போகும்வரை காத்திருந்தேன். திரும்ப மைக்கைத் திறந்தேன். அப்போதும் ஒருவரும் இல்லை.

எனக்கு வந்த கோபத்தை இப்போது எழுத ஏலாது. அவள் உங்களுக்காகப் பெயர் சொல்லாமல் இருக்கிறாள், நீங்கள் மைக்கை மூடிக்கொண்டு இருக்கிறீர்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கினேன். பாடத்தைத் தொடங்கினேன். எனக்குத் தெரிந்த தொடக்கம் ஒன்றுதான், தேடச் சொல்வது. ஆளுக்காள் திரையைப் பகிர்ந்து, உங்கள் ஆய்வேட்டில் பாவித்த ஒரு கட்டுரையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று காட்டுங்கள் என்றேன். தரவுத்தளம் பூட்டியிருந்தாலும் கல்லூரி நூலகத் தளம் திறந்திருந்தது, தேடல் பெட்டியும் அங்கேதான் இருந்தது; கட்டுரைகளை இறக்கத்தான் முடியாது, பட்டியலும் சுருக்கமும் வரும். வகுப்புப் பிரதிநிதி என்பதால் முதலில் கஜனைக் கூப்பிட்டேன்.

கஜன் திரையைப் பகிர்ந்தான். நூலகத் தளத்தைத் திறந்தான். வலது பக்க மேல் மூலையில் எழுதியிருந்தது, வருக டிலானி என்று. ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில்.

அவன் அதை ஒருநாளும் கவனித்ததே இல்லை. மாதக்கணக்காக அந்தப் பெயரோடுதான் உள்ளே போய் வந்திருக்கிறான், கண் பழகிவிட்டது. திட்டம் போட்டு நான் பிடித்தேன் என்று பிறகு கதை பரவியது. பொய். எனக்கும் அந்த மூலை ஞாபகத்தில் இல்லை. கஜனும் நானும் ஒரே நேரத்தில்தான் பார்த்தோம். அவன் மவுஸ் அங்கும் இங்கும் ஓடியது. திரை மூடிக்கொண்டது.

அந்த இடத்தில்தான் நான் முடிவெடுக்கவேண்டியிருந்தது. பீடாதிபதியிடமிருந்து எனக்கு மட்டும் ஒரு செய்தி வந்தது, வகுப்பை நிறுத்துங்கள் என்று. நிறுத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள். ஒரு பெயர் இருந்த இடத்தில் இரண்டு பெயர் இருந்திருக்கும். டிலானிக்கும் தடை, கஜனுக்கும் தடை. மற்றவர்கள் பெருமூச்சு விட்டிருப்பார்கள். பாதி உண்மை வெளியே வந்து நிற்கும்போது நிறுத்தினால் அது ஆளைக் கொன்றுவிடும். ஒன்று தொடங்காமல் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கடைசி வரைக்கும் போகவேண்டும். தொடங்கியாகிவிட்டது.

"எல்லாரும் பாத்தனீங்கள்தானே," என்றேன். "நான் அடுத்த ஆளைக் கூப்பிடப் போறன். காட்ட விருப்பமில்லாத ஆக்கள் இப்ப வெளியில போகலாம். நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

கறுப்புப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் மறையவில்லை. பிறகு ஒரு மைக் திறந்தது. ரிஸ்வான். மருதானையில் ஹாட்வெயார் கடையில் வேலை செய்துகொண்டு படித்தவன். நான் கூப்பிடவே இல்லை.

"மிஸ், நானும் டிலானி தான்," என்றான். திரையைப் பகிர்ந்தான். வருக டிலானி.

யாரோ சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் ஒருவரையும் கூப்பிடவேண்டி வரவில்லை. அவர்களே ஒவ்வொருவராகத் திறந்தார்கள். கொலன்னாவையிலிருந்து, பிள்ளை ஒன்று பின்னால் அழ அழ, ஒரு அம்மா திறந்தாள். வருக டிலானி. இன்னொருத்தி கடைசியாக, "நானும் மிஸ், மன்னிச்சிருங்க டிலானி," என்றாள். கஜன் திரும்பத் தன் திரையைப் பகிர்ந்து, கமராவையும் போட்டான். முகம் வெளிறியிருந்தது.

"சேர், குரூப்பில போட்டது நான். அவ எனக்கு மட்டும்தான் தந்தவ."

இது நல்ல காட்சி, இதோடு முடிந்திருக்கலாம் என்று நினைப்பீர்கள். வேலை முடியவில்லை. ஏனென்றால் அவர்கள் திரைகளைத் திறந்தபோது எனக்கு அதைவிட மோசமான ஒன்று தெரிந்தது. இவர்களில் ஒருவருக்கும் தேடத் தெரியாது. ஆய்வேட்டின் முழுத் தலைப்பையும், "பற்றிய ஓர் ஆய்வு" என்ற வால் உட்பட, அப்படியே பெட்டிக்குள் ஒட்டினார்கள். இவ்வளவு நாளும் வந்ததையெல்லாம், வாசிக்காமல், ஒரு பக்கம் விடாமல் இறக்கியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். "பிறகு பாப்பம் எண்டு மிஸ்," என்றான் கஜன். டியூட் சேர்ப்பது போலச் சேர்த்திருக்கிறார்கள். வெளியீட்டு நிறுவனம் இயந்திரம் என்று நினைத்தது இந்த அப்பாவிகளைத்தான்.

பீடாதிபதி மைக்கைத் திறந்தார். மொடியூலைச் செய்யாததால் வந்த வினை இது என்றார். அதில் அவருக்கு ஒரு திருப்தி இருந்தது.

"டிலானி, நீர் முடிச்சனீர்தானே. நீர் செய்து காட்டும், மற்றவை பாக்கட்டும்," என்று அவளைக் கூப்பிட்டார்.

டிலானி திரையைப் பகிர்ந்தாள். தன் ஆய்வேட்டுத் தலைப்பை முழுதாகப் பெட்டிக்குள் ஒட்டினாள். எண்ணுக்கணக்கில்லாமல் வந்தது. எல்லாவற்றையும் தெரிவுசெய்யும் கட்டத்தில் கொண்டுபோய் அமத்தினாள். மற்றவர்கள் செய்த அதே வேலை.

"அந்த வீடியோவில என்ன சொல்லித் தந்தவை?" என்று பீடாதிபதி கேட்டார்.

"தெரியாது சேர். அவ பேசுறது எனக்கு விளங்கல. குவிஸ் எத்தின தரமும் செய்யலாம் தானே. சரி வரும்வரைக்கும் அமத்திக்கிட்டே இருந்தேன்."

பீடாதிபதி மைக்கை மூடினார்.

அந்த இடத்தில் நான் டிலானியைப் பார்த்துப் பரிதாபப்படவில்லை. எரிச்சல்தான் வந்தது, எல்லோர் மேலும். பரிதாபப்பட்டு அவள் திரையை மூடவிட்டிருந்தால் அவள் வாழ்க்கை முழுக்க அந்த வெட்கத்தோடு இருந்திருப்பாள். "மூடவேண்டாம்," என்றேன். "உம்மட ஆய்வு என்ன? தலைப்பைச் சொல்லவேண்டாம். ஸ்டாஃப் ரூமில பக்கத்தில இருக்கிற ரீச்சருக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லும்."

முதலில் திணறினாள். பிறகு சொன்னாள். அவளுடைய முதலாம் வகுப்பில் அம்மா சிங்களம், அப்பா தமிழ், அல்லது மறுபக்கம், இப்படியான வீட்டுப் பிள்ளைகள் பலர். தமிழில் வாசிக்கும்போது அவர்கள் தடக்குப்படுகிறார்கள். வீட்டில் இரண்டு மொழி இருப்பதாலா, வீட்டில் யாரும் வாசித்துக் காட்டாததாலா என்று அவளுக்குத் தெரியவேண்டும்.

அது ஒரு கேள்வி. நல்ல கேள்வி. வருடம் முழுக்க அவளிடம் யாரும் அதைக் கேட்டுப் பார்க்கவில்லை. அதற்குள் தேடவேண்டிய சொற்கள் எவை என்று கேட்டேன். இரண்டு மொழி, வீடு, வாசிப்பு, சின்ன வகுப்பு. அதை வைத்துத் தேடினோம். முதலில் வந்தது கூடிப்போனது. ஒரு சொல்லை மாற்றினோம், கொஞ்சம் குறைந்தது. அம்மா அப்பா வாசித்துக் காட்டுவது என்று இன்னொன்று சேர்த்தோம், ஒரு பக்கத்துக்குள் வந்தது. இப்போது ஒன்றையும் இறக்கவேண்டாம், சுருக்கத்தை மட்டும் வாசியும் என்றேன். இரண்டை அவளே தள்ளினாள். ஒன்றில் நின்றாள். அந்தச் சுருக்கத்துக்குக் கீழே கொடுத்திருக்கும் மேற்கோள் பட்டியல்தான் உமக்கு அடுத்த கதவு என்று காட்டினேன். அதில் ஒன்று காசில்லாமல் வெளியே கிடைத்தது, தரவுத்தளமே தேவைப்படவில்லை.

அந்த வகுப்பு மத்தியானம் தாண்டிப் போனது. ஒருவரும் வெளியேறவில்லை. "விளங்குதா" என்று நான் ஒருமுறையும் கேட்கவில்லை. ஒவ்வொருவரையும் செய்யவைத்தேன், பிழையாகச் செய்தால் நிறுத்தினேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். ஒன்லைனில் நீங்கள் பேசும் நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள். திரையை அவர்களிடம் கொடுங்கள். வெட்கப்படுவார்கள். பரவாயில்லை. ஒருவர் வெட்கப்படும்போது மற்றவர்கள் பார்ப்பார்கள், அடுத்த முறை அவர்கள் வெட்கப்படுவார்கள், எல்லோருக்கும் கணக்குச் சரி.

சாயந்தரம் பீடாதிபதி அழைத்தார்.

"எல்லாரையும் என்னெண்டு நிப்பாட்டுறது?"

"அதைத்தான் நானும் கேட்கிறன்."

"அப்ப ஒருத்தரையும் நிப்பாட்டேலாது எண்டு சொல்லுறீங்கள்."

"ஒருத்தியை மட்டும் நிப்பாட்டேலாது எண்டு சொல்லுறன்."

ஓய்வு வயதுக்குப் பிறகும் வேலையில் இருக்க நான் கேட்டிருந்த சேவை நீடிப்பு அந்த மாதம்தான் கல்லூரிச் சபைக்குப் போகிறது என்று ஞாபகப்படுத்தினார். அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், பஸ் இன்றைக்குப் பிந்தும் என்று சொல்வது போல. போகட்டும் என்றேன். அன்றைக்கே உட்கார்ந்து அறிக்கையை எழுதினேன். கடவுச்சொல் கொடுத்தது பிழை. வாங்கியது பிழை. ஒருவர் சித்தியடைந்த மொடியூல் அவருக்கு ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை, அது எங்கள் பிழை. பெயர் ஒன்றும் எழுதவில்லை, வகுப்பு முழுவதும் என்று எழுதினேன். வெளியீட்டு நிறுவனத்துக்கும் அதையே சுருக்கி அனுப்பினேன். இனி ஆளுக்கொரு கணக்கு, நேரடி வகுப்பு எடுத்த பிறகே தருவோம் என்று சொன்னேன். பொய் சொல்லாமல் எழுதியதாலோ என்னவோ, சில நாளில் அனுமதியைத் திருப்பித் தந்தார்கள்.

முடிவு திங்கட்கிழமை வந்தது. யாருக்கும் தடையில்லை. எல்லோருக்கும் எழுத்தில் எச்சரிக்கை. முழு வகுப்புக்கும் சமர்ப்பிக்க இரண்டு கிழமை கூடுதல். மாத முடிவில் எனக்குச் சேவை நீடிப்புக் கிடைக்கவில்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்து என்ன செய்ய?

டிலானிக்கு நானே அழைத்துச் சொன்னேன். அழுதாள். அழுது முடியட்டும் என்று விட்டேன். புதுக் கடவுச்சொல் தரும்போது, இதை இனி யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று சொல்லும் என்றேன்.

அவள் சொல்லவில்லை. "கேட்டா என்னால இல்லன்னு சொல்ல ஏலாது மிஸ்," என்றாள். "அவங்க வேற எங்க போவாங்க?"

எனக்குத் திரும்பக் கோபம் வந்தது. வாயைத் திறந்த பிறகுதான் அவள் கேட்டது நியாயமான கேள்வி என்று பட்டது. வேறு எங்கே போவார்கள்? நூலகம் என்று ஒன்று இருக்கிறது, அதற்குள் ஒரு ஆள் இருக்கிறது என்று யார் அவர்களுக்குக் காட்டினார்கள்?

"என்னட்ட அனுப்பும்," என்றேன். "கடவுச்சொல்லைக் கேட்டால் என்ர நம்பரைக் குடும்."

கொடுத்தாள். அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கத்தானே தெரியும். அடுத்த நாள் காலையிலிருந்து என் போன் ஓயவில்லை. முதலில் கஜன், பிறகு ரிஸ்வான், பிறகு கொலன்னாவை அம்மா. வேலைக்குப் போகும் வழியில், சாப்பாட்டு நேரத்தில், பிள்ளை நித்திரையான பிறகு. ஒவ்வொருவரையும் திரையைத் திறக்கச் சொல்லி, கேள்வியைச் சொல்லச் சொல்லி, தேடவைத்தேன். சிலர் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள். சிலருக்கு நாலு தரம் ஏச்சு வேண்டியிருந்தது. ஏசினேன். திரும்பவும் வந்தார்கள்.

டிலானியைக் காணவில்லை. செய்கிறாள்தானே, பிடித்துக்கொண்டாள்தானே என்று நானும் இருந்துவிட்டேன். கூடுதல் நாட்கள் முடியப்போகும் நேரத்தில்தான் அழைத்தாள். இரண்டாம் அத்தியாயம், முன்னைய ஆய்வுகள் எழுதும் இடம், இன்னும் பாதி வெறுமையாக இருக்கிறதாம். மற்றவர்கள் என்னோடு வேலை செய்து முடியும்வரை காத்திருந்தாளாம். தன்னால்தானே எல்லாருக்கும் இந்தக் கஷ்டம் வந்தது, தான் இடையில் புகுந்து நேரத்தை எடுக்கக்கூடாதாம்.

"உமக்கு விசரோ?" என்று கேட்டேன்.

பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை.

"ஆய்வேட்டைத் திறவும். திரையைத் தாரும். உம்மட கேள்வியைச் சொல்லும்."

சொன்னாள். இந்த முறை திணறவில்லை. தேடினோம், தள்ளினோம், வாசித்தோம், எழுதினாள். நாள் கொஞ்சமாகத்தான் இருந்தது. ஆனால் இருந்தது. அவளுடைய ஆய்வேடு, அவளுடைய கணக்கிலிருந்து, நேரத்துக்குள் போனது.